எந்த என்ஜினை முதலில் எடுப்பது

என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் மாடி அறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. இதை எப்படி மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் நன்றாக இல்லை. நடந்தது அதுதான்.

அவர் கோயம்புத்தூரில் பம்பு செய்கிற தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கிணத்துக்கடவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போத்தனூர் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அவள் படித்த மாடி அறை காலியானது. அந்த அறைக்கு அவருடைய ரயில்கள் குடிவந்தன. நான் காப்பி கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். உள்ளே வந்தால் சேலைத் தலைப்பு எதையாவது இழுத்துவிடும் என்பார். வயதான காலத்தில் ஒரு பொம்மை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அது பொம்மை விளையாட்டு இல்லை என்று மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. அந்த ரயில்கள் நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வெளிநாட்டில் செய்து வருபவை. அவர்கள் ஊர்த் தண்டவாளம் நம்முடையதைவிடக் குறுகியது. அந்த அளவைச் சுருக்கினால் பதினாறரை மில்லிமீட்டர் வரும். நம்முடையது ஐந்தரை அடி. அதைச் சுருக்கினால் பத்தொன்பதே கால். கடையில் கிடைக்கிற எல்லாம் பதினாறரைதான். அதிலே நம் ரயிலை ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், யாருக்கும் அது உறுத்துவதில்லை. இவருக்கு உறுத்தியது.

"மேல பாத்தா நம்ம வண்டி, கீழ பாத்தா சீமை வண்டி. நெஞ்சை விரிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கற மாதிரி இருக்குது" என்று ஒருமுறை சொன்னார். மூன்று மில்லிமீட்டர் கூட இல்லையே என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கணக்கு டீச்சர் பேசுகிற பேச்சா என்பது போல.

பத்தொன்பதே காலுக்குத் தண்டவாளம் எங்கும் விற்பதில்லை. அதனால் அவரே செய்தார். சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. அதில் தீக்குச்சி பருமனுக்குச் சிலிப்பர் கட்டைகள். அவற்றின் மேல் வெர்னியரை வைத்து அளந்து அளந்து ஒட்டிய இரண்டு கம்பிகள். நண்பர் ஒருவரின் லேத் பட்டறையில் உட்கார்ந்து சக்கரங்களும் ஆக்சில்களும் கடைந்து எடுத்து வந்தார். எல்லாம் தயார். அந்தத் தண்டவாளத்தில் ஓட ஓர் என்ஜின்தான் இல்லை. வாங்கி வைத்திருந்த என்ஜின்களின் குறுகின சக்கரங்களைப் பிடுங்கிவிட்டு இவர் கடைந்ததைப் பொருத்த வேண்டும். அது அவசரத்தில் செய்கிற வேலையில்லை, ஓய்வு பெற்றதும் நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்.

ஓய்வு பெற்ற வருடமே வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது போல அசைய ஆரம்பித்தன. டாக்டர் நடுக்கு வாதம் என்றார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் சித்த நேரம் அடங்கும், பிறகு தன் பாட்டுக்கு ஆரம்பிக்கும்.

நானும் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் மாடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். தரையில் மண்டியிட்டு ஒரு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார். அரிசியில் பாதி கூட இருக்காது அது. நான் குனிந்து எடுத்தேன். வாங்கிக்கொண்டு போட்டுப் பார்த்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

"கண்ணு சேர மாட்டேங்குது. இந்த ஒண்ணை மட்டும் போட்டுக் குடு அம்மணி" என்றார்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் அவர் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஸ்க்ரூவின் மேல் வைத்துத் திருகினேன். ஒரே தடவையில் உள்ளே போய் நின்றது. அவர் ஸ்க்ரூவைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். செய்யக் கூடாத எதையோ அவர் கண் முன்னால் செய்துவிட்டது போல இருந்தது எனக்கு. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மாடியில் இரண்டாவது நாற்காலி கிடந்தது.

"நான் சொல்றேன், நீ செய்யி. ஆனா மொதல்ல எந்த என்ஜினை எடுக்கறதுன்னு முடிவு பண்ணோணும். அதுல அவசரப்படப்படாது" என்றார்.

அவசரம் யாருக்கு? நான் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவருக்கு அது பெண் பார்க்கிற காரியம் மாதிரி. காலை மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் இரண்டு பேரும் மாடிக்குப் போவோம். மேஜையில் மடித்த பழைய துண்டை விரித்து, என்ஜினை அதன் மேல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வார். அடி மூடியைக் கழற்றச் சொல்வார். நான் கழற்றுவேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்ப்பார். பிறகு மூடச் சொல்வார். அன்றைக்கு அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது ஒரு மின்சார என்ஜின். தலைமேல் கொம்பு வைத்தது, பார்க்க அழகு. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவர் வேண்டாம் என்றார்.

"ஏனுங்க, நல்லாத்தான இருக்குது?"

"பாரு, ஆக்சிலும் பல்சக்கரமும் ஒண்ணாவே வாத்திருக்கான். நம்ம ஆக்சிலைப் போடோணும்னா பல்சக்கரத்தை அறுக்கோணும். அறுத்தா கோணும். கோணுனா வண்டி நொண்டும். மொத வண்டியே நொண்டுனா அப்புறம் நீ மாடி ஏற மாட்டே."

அடுத்தது சின்ன நீராவி என்ஜின். ஆறு சக்கரம், பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி, கரி வண்டிகளை இப்படியும் அப்படியும் தள்ளுகிற வகை. அதை எடுத்ததும் அவர் குரல் மாறியது. அது அவருடைய செல்லம் என்று தெரிந்தது. ஆனாலும் அதையும் ஒதுக்கினார். காரணம் சொன்னார். பக்கத்துக்கு மூன்று சக்கரங்களை ஒரு தண்டு சேர்த்துப் பிடித்திருக்கிறது. இடப்பக்கத் தண்டு மேலே இருக்கும்போது வலப்பக்கத் தண்டு கால் சுற்று தள்ளி நிற்க வேண்டும். மூன்று ஆக்சிலிலும் அந்தக் கால் சுற்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மயிரிழை பிசகினாலும் இறுகிப்போய் நின்றுவிடும்.

"தொண்ணூறு பாகைங்களா?" என்றேன்.

"ஆமா. உன்ர சப்ஜெக்ட்டுத்தான். ஆனா பேப்பர்ல தொண்ணூறு வேற, இரும்புல தொண்ணூறு வேற. இது ரெண்டாவது வண்டி. எப்ப எடுக்கறதுன்னு நான் சொல்றேன்."

மூன்றாவது, அமெரிக்காக்காரன் செய்த டீசல். நீளமாக, முகம் இல்லாமல், பார்க்க ஒரு டிரங்குப் பெட்டி மாதிரி இருந்தது. நம் ஊர்ப் பழைய டீசலுக்கு அது அண்ணன் தம்பி முறை என்றார். அதன் அடி மூடியைக் கழற்றியதும் அவர் முகம் மலர்ந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அதன் இரண்டு பக்கத்திலும் பாதி பாதி ஆக்சில் சொருகியிருந்தது. பழைய பாதிகளை இழுத்தால் வந்துவிடும். இவர் கடைந்து வைத்திருந்த நீளப் பாதிகளைச் சொருகினால் அகலம் சரியாகிவிடும். சக்கரம் உரசாமல் இருக்க ஓரத்துப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அரத்தால் தேய்க்க வேண்டும். தண்டு கிடையாது, கால் சுற்று கிடையாது.

"இதாம் அம்மணி. மொத என்ஜினு எப்படி இருக்கோணும்னா, கெட்டா அழுகை வரப்படாது. ஓடுனா சிரிப்பு வரோணும். இது கெட்டாலும் நான் அழ மாட்டேன்."

அதைச் சொன்னபோது அவர் கை மேஜை மேல் இருந்தது. அன்றைக்கு அது அதிகம் ஆடவில்லை. அந்தக் காலை நேரங்களில் அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. எது வேண்டும், எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதற்குக் கை தேவையில்லை. நடுங்காமல் அவரால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

டீசல் வேலை ஆரம்பித்தது. அவர் சொல்வார், நான் செய்வேன். பழைய சக்கரத்தை முறுக்கி இழுப்பது, புதியதைச் சொருகுவது, இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே அளவுகோலை வைத்துப் பார்ப்பது. கரும்பலகையில் சாக்பீஸ் பிடித்த கை இவ்வளவு சின்ன வேலைக்கு வளையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வளைந்தது. வளைந்தது மட்டுமில்லை, எனக்கு அது பிடித்துப்போயிற்று. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது மனசு மாடியில் இருக்கும். சரியான ஆழத்தில் சக்கரம் உட்காரும்போது விரல் நுனியில் ஒரு சின்னப் பிடிப்பு தெரியும் பாருங்கள், அதற்காகவே காலையில் சீக்கிரம் எழுந்திருக்கத் தோன்றும்.

அந்தச் சந்தோஷம் வந்த அன்றைக்கே குற்ற உணர்ச்சியும் கூடவே வந்துவிட்டது. அவர் கை நன்றாக இருந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. அப்படியானால் நான் எதற்குச் சந்தோஷப்படுகிறேன்?

பக்கத்தில் உட்கார்ந்து அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பது தாங்காமல் ஒருநாள் வேண்டுமென்றே இடுக்கியை நழுவ விட்டேன். வாஷர் ஒன்று உருண்டு தரைக்கு ஓடியது. "அய்யய்யோ, கையே நிக்க மாட்டேங்குதுங்க" என்றேன்.

அவர் குனிந்து, நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு, தானே தேடி எடுத்தார். அதற்கு வெகுநேரம் ஆனது. உதவிக்குக் குனிந்த என்னைத் தடுத்துவிட்டார். மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"முப்பது வருசமா அப்ரண்டிஸ் பசங்களைப் பாத்திருக்கறேன். நழுவற கையும் தெரியும், நழுவ உடற கையும் தெரியும். என்ர முன்னால நடிக்காதே அம்மணி. அது இதைவிட மோசம்." 'இது' என்றபோது தன் வலது கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு நடிக்கவில்லை.

டீசல் ஓடிய அன்றைக்கு, கரண்டு பெட்டியின் குமிழை அவர்தான் திருப்பினார். அதற்கு நடுக்கம் ஒரு தடையில்லை. முகமில்லாத அந்தப் பெட்டி ஒரு குலுக்கல் குலுங்கி, பத்தொன்பதே கால் தண்டவாளத்தில் மெதுவாக நகர்ந்தது. பலகையின் கோடிவரைக்கும் போய் நின்றது. திரும்பி வந்தது. அவர் கீழே குனிந்து, கன்னத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அது தன்னை நோக்கி வருவதைப் பார்த்தார்.

"இப்பத்தான் ரெண்டு கால்ல நிக்குது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் இருவரின் வேலை அது. அன்றைக்கு எனக்குக் குறுகுறுப்பு எதுவும் இல்லை.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்து நீராவி என்ஜின் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டீசலுக்கு நம் ஊர்ப் பெயிண்ட் என்றார், ஒரு கூட்ஸ் பெட்டிக்குச் சக்கரம் மாற்றலாம் என்றார். நான் ஒன்றிரண்டு தடவை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க, அந்தச் சின்னதை எப்ப எடுக்கலாங்க?"

"இருக்கட்டும். சொல்றேன்."

அவருக்கு அதைத் தள்ளிப்போடுவதில் ஒரு சுகம் இருந்தது. கடைசிக் கவளத்துக்கு என்று இலையோரம் ஒதுக்கி வைக்கிற பதார்த்தம் மாதிரி. எனக்கோ தொண்ணூறு பாகை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்குச் செங்கோணம் சொல்லிக்கொடுத்திருப்பேன்! மட்டப்பலகையில் இரண்டு மரக்கட்டை, நடுவில் ஆக்சிலைத் தாங்க ஒரு பள்ளம், ஒரு பக்கம் தண்டு மாட்டுகிற முளை நிற்க ஒரு மூலைமட்டம், மறுபக்க முளை படுக்க இன்னொன்று. அந்த அமைப்பில் வைத்து அழுத்தினால் மூன்று ஆக்சிலும் தானாக ஒரே மாதிரி வந்துவிடும். இது எனக்குக் குளிக்கும்போது தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு அது பிடித்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, என்னுடையது என்று ஒன்றை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் அவருடைய தங்கச்சி இருக்கிறாள். பாக்கு வியாபாரக் குடும்பம். அவள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் முன்னாலேயே வந்து இருக்க வேண்டும் என்று காரை அனுப்பினாள். பெட்டி கட்டுகிற சமயத்தில் நான் சொன்னேன்: "எனக்கு முட்டி வலி தாங்க முடியலீங்க. நீங்க முன்னால போங்க. நான் முகூர்த்தத்தன்னைக்கு வந்துர்றேன்."

அவர் என் முட்டியைப் பார்த்தார். "தைலம் தேச்சுக்க. மாடி ஏறாதே" என்றார்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் மாடியில் இருந்தேன்.

மகளின் பழைய ஜாமெட்ரி பெட்டியிலிருந்து இரண்டு மூலைமட்டங்களை எடுத்தேன். கட்டைகள் ஒட்டினேன். துண்டை விரித்து அந்தச் சின்ன என்ஜினை மல்லாக்கப் படுக்க வைத்தேன். பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டால் பின்வாங்க முடியாது. கழற்றினேன். இவர் கடைந்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, இதற்கென்றே தனி டப்பாவில் வைத்திருந்த சக்கரங்களைப் பிரித்தேன். பளபளவென்று இருந்தன. கை நன்றாக இருந்த காலத்தில் செய்தவை.

சாயங்காலம் அவர் போன் செய்தார். "முட்டி எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க. மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ இல்லாம இங்க ஒரு மாதிரி இருக்குது."

போனை வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரையும் கீழே வைத்தேன். நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

முதல் ஆக்சில் சரியாக வந்தது. இரண்டாவதும். மூன்றாவதை அழுத்திவிட்டு, தண்டுகளை மாட்டி, விரலால் தள்ளிப் பார்த்தேன். எங்கேயும் இடறவில்லை. வெண்ணெயில் உருளுவது மாதிரி உருண்டது. மனசுக்குள் ஒரு ஓரத்தில், எங்காவது இடறட்டுமே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இடறியிருந்தால் அவர் வந்ததும், "கெடுத்துப்போட்டேனுங்க, வந்து பாருங்க" என்று அழுதிருக்கலாம். அவர் திட்டியிருப்பார். உட்கார்ந்து சரிசெய்திருப்போம். அது ஓடிவிட்டது. தண்டவாளத்தில் வைத்துக் குமிழைத் திருப்பினேன். தண்டுகள் மேலும் கீழும் போய் வர, சின்ன என்ஜின் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. நான் தனியாக அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்தபோதும் மணமக்களுக்குத் திருநீறு பூசியபோதும் எனக்கு அந்தத் தண்டுகள்தான் கண்ணில் நின்றன. அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காட்டி அசத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிசு கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டால் திருட்டு திருட்டாகத் தெரியாது.

திரும்பி வந்த மறுநாள் காலை, மாத்திரை சாப்பிட்டதும் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன என்ஜின் தண்டவாளத்தின் மேல் தயாராக நின்றது. குமிழை நான் திருப்பினேன். ஓடியது.

அவர் நின்றபடியே பார்த்தார். குனியவில்லை. பலகையில் கன்னத்தை வைக்கவில்லை. அது கோடிக்குப் போய்த் திரும்பி வந்து நிற்கும்வரை பார்த்தார். அதன் சக்கரங்கள் இருந்த டப்பா மேஜையில் திறந்து கிடந்தது, அதையும் பார்த்தார்.

"நல்லா ஓடுது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "முட்டி வலி போயிருச்சா?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவில்லை. கோபம் காட்டவில்லை, சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை, பேப்பர் படித்தார், டாக்டரிடம் போய் வந்தார். காலை மாத்திரை வேலை செய்கிற நல்ல நேரமெல்லாம் டிவி முன்னால் போயிற்று. நானும் மாடிக்குப் போகவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். தினமும் அந்தச் சாவியைப் பார்க்காமல் கடந்து போனேன்.

ஒருநாள் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் அதிகமானதிலிருந்து அது என் வேலையாகியிருந்தது. பாதிக் கன்னம் சோப்போடு இருக்கையில், என்னால் அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, திட்டிருங்களேன். இப்படி இருந்தா எனக்குத் தாங்கலீங்க."

"என்னத்தத் திட்டறது? தப்பா ஒண்ணும் பண்ணலியே. என்னைவிட நல்லாப் பண்ணிப்போட்டே."

"உங்களுக்குக் காட்டோணும்னுதானுங்க..."

"அதில்ல அம்மணி." ரேசரை விலக்கச் சொல்லிக் கை காட்டினார். "என்ர கை போனது எனக்குத் தெரியும். செரி, போச்சு. உன்ர கை இருக்குதுன்னு தேத்திக்கிட்டேன். ஆனா எதை எடுக்கறது, எப்ப எடுக்கறது, அது என்னுதா இருந்துச்சு. அதையும் நீ எடுத்துக்கிட்டா நான் எதுக்கு அந்த நாற்காலில உக்கோரோணும்?"

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். சோப்பு காய்ந்துபோய், மறுபடி நனைத்து, மறுபடி தடவி, மீதிக் கன்னத்தை மழித்து முடித்தேன். முட்டி வலி பொய் என்று வாய்விட்டுச் சொன்னேன். "தெரியும். தைலம் பாட்டில் மூடி தெறக்கவேயில்ல" என்றார். அதில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது போல இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாடிச் சாவியை எடுக்கச் சொன்னார். மேலே போனதும் பீரோவின் உச்சியில் பழைய காலண்டர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு தட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னார். நான் அதுவரை பார்த்திராத பெட்டி. உள்ளே என்ஜின் இல்லை. பித்தளைத் தகடுகள்தான் இருந்தன. ஜன்னல், கதவு, ஏணி, சட்டம் எல்லாம் தகட்டில் வரைந்தது போல அமிலத்தில் அரித்து எடுத்திருந்தது. ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து ஒரு நீராவி என்ஜினாக்க வேண்டும். வெளியே பிஸ்டன், அதற்கு மேல் இன்னும் நாலைந்து தண்டுகள்.

"இது என்னால ஆகாதுங்க" என்றேன். உண்மையாகவே பயந்துவிட்டேன்.

"ஆகாது. எனக்குத் தெரியும்" என்றார். "மொத வண்டியா எடுக்கறவன் இதைத் தொடவே படாது. ரெண்டாவதாவும் தொடப்படாது. உனக்கு மூணாவது. நான் இல்லாம இதுல ஒரு ஓட்டை கூடப் போட முடியாது பாத்துக்க."

அதை அவர் எனக்குத் தண்டனையாகத் தேர்ந்தெடுத்தாரா, இல்லை தனக்கு ஒரு இடம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தாரா, கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. தகட்டை மேஜையில் வைத்தேன். அவர் இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அது இப்போதும் ஓடுகிற நிலையில் இல்லை. சட்டத்தை இரண்டு தடவை பற்றவைத்து இரண்டு தடவை பிரித்தாயிற்று. சூடு கூடினால் தகடு நெளிகிறது, குறைந்தால் ஈயம் பிடிப்பதில்லை. எவ்வளவு சூடு என்று வெறும் கண்ணால் பார்த்து அவர்தான் சொல்கிறார். "இப்ப... இப்ப... எடு" என்பார். சொல்கிற நொடியில் எடுத்தால் சரியாக வருகிறது. எனக்குத் தோன்றுகிற நொடியில் எடுத்தால் வருவதில்லை. திட்டுகிறார். டூல் ரூமில் பையன்களைத் திட்டியது இப்படித்தான் இருந்திருக்கும். எனக்கு அது இதமாக இருக்கிறது.

சில நாள் மாத்திரை சரியாக வேலை செய்யாது. படியேற முடியாது. அந்த நாட்களில் நான் மாடிக்குப் போவதில்லை என்று வைத்திருந்தேன். போன வாரம் அப்படி ஒரு நாள். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்து, "எதுக்கு இங்க உக்காந்திருக்கே? போ, பிஸ்டன் தகட்டை மட்டும் வெட்டி வெய்யி. பத்த வெக்காதே. அதை நாளைக்கு நான் வந்து பாத்துக்கறேன்" என்றார்.

"வேண்டாங்க, நானும் நாளைக்கே பண்றேன்."

"நான் சொல்றேன், போ."

எழுந்தேன். படியில் கால் வைத்ததும், அது தானாக விரசாக ஏறியது. பாதியில் அது எனக்கே தெரிந்து நின்றேன். கீழே அவர் கட்டிலின் சட்டம் அவருடைய கையோடு சேர்ந்து மெல்ல டக் டக் என்று ஆடுவது கேட்டது. மீதிப் படிகளை மெதுவாக ஏறினேன். தகட்டை வெட்டினேன். ஓரத்தை அரத்தால் தேய்த்தேன். ஈயம் பற்றவைக்கிற கோலைத் தொடவில்லை. வெட்டியதை ஒரு தட்டில் வைத்துக் கீழே கொண்டுவந்து காட்டினேன்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இடது பக்கத்துது கொஞ்சம் அதிகமாத் தேச்சுட்டே" என்றார். "பரவால்ல. வேற தகடு இருக்குது. அது எந்த மூலையில இருக்குதுன்னு நாளைக்குச் சொல்றேன்."